கடன்பட்டவருக்காகப் பேசிய நாவு



வீட்டில் ஒரு பொருள் தொலைந்துபோனால் என் பாட்டி உடனே தேடத் தொடங்கமாட்டார். முதலில் முந்தானை நுனியில் ஒரு நாணயத்தை முடிந்துகொள்வார். "அந்தோனியாரே, நீர்தான் காட்டிக் குடுக்கணும்" என்பார். அதற்குப் பிறகுதான் பரணைப் பார்ப்பார், பெட்டியைக் கவிழ்ப்பார். பொருள் கிடைத்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்த நாணயம் கோவில் உண்டியலுக்குப் போய்ச் சேரும். இப்படி ஒரு பாட்டியின் கையைப் பிடித்து வளர்ந்தவர்கள் இந்த மண்டபத்தில் எத்தனை பேர்? சிலுவை அடையாளம் போடுகிறவர்கள் மட்டுமா? திருநீறு பூசியவர்களும் மெழுகுதிரியோடு அந்தோனியார் கோவில் வரிசையில் நின்றதை உவரியில் பார்த்திருக்கிறேன், புளியம்பட்டியில் பார்த்திருக்கிறேன்.

கோடி அற்புதர் என்று நாம் அழைக்கும் புனித அந்தோனியாரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொலைந்ததைக் காட்டிக் கொடுப்பவர் என்று அவரை எல்லாருக்கும் தெரியும். அவர் உயிரோடு இருந்தபோது எதற்காகத் தொண்டை வறளப் பேசினார், யாருக்காகப் பேசினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்று உங்களை 1231ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாளுக்கு அழைத்துப் போகப்போகிறேன். அன்று இத்தாலியின் பதுவா நகரத்தில் ஒரு சட்டம் எழுதப்பட்டது. அந்தச் சட்டத்தில் இவர் பெயர் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்வதற்கு முன், இந்த மனிதர் வந்த வழியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது காற்று அடித்த பக்கமெல்லாம் போன கப்பலின் வழி.

பதுவா அந்தோனியார் என்கிறோம். அவர் பிறந்தது பதுவாவில் இல்லை. பெற்றோர் வைத்த பெயரும் அந்தோனி இல்லை. 1195ஆம் ஆண்டளவில் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரத்தில், வசதியான குடும்பத்தில் பிறந்தவர். வைத்த பெயர் பெர்னாண்டோ. பதினைந்து வயதளவில் அகுஸ்தினார் சபை மடத்தில் சேர்ந்தார். ஊரை ஒட்டிய மடம். நண்பர்கள் வந்துகொண்டே இருந்தார்கள், உறவினர் வந்துகொண்டே இருந்தார்கள், படிக்க விடவில்லை. இரண்டு ஆண்டு பொறுத்துப் பார்த்தார். பிறகு கோயம்பிரா நகரத்துத் திருச்சிலுவை மடத்துக்கு மாறிப் போனார். அங்கே ஏறத்தாழ எட்டு ஆண்டு விவிலியத்தையும் திருச்சபைத் தந்தையரின் நூல்களையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டார். ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வருவதற்கு இருநூறு ஆண்டுக்கும் முந்திய காலம் அது. நினைத்த நேரத்தில் எடுத்துப் பார்க்கப் புத்தகம் இருக்காது. படித்தது நினைவில் இருந்தால்தான் உண்டு. அவருக்கு அந்த நினைவாற்றல் வாய்த்திருந்தது.

அந்த அமைதியான மடத்துக்குள் ஒரு நாள் ஐந்து பிணங்கள் வந்தன.

அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அனுப்பிய ஐந்து ஏழைத் துறவிகள் மொரோக்கோவுக்கு மறையறிவிக்கப் போயிருந்தார்கள். போகும் வழியில் கோயம்பிராவில் தங்கிச் சென்றவர்கள். 1220 ஜனவரி 16 அன்று மொரோக்கோவில் அவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உடல்களை மரியாதையோடு கொண்டுவந்து, பெர்னாண்டோ இருந்த அதே மடத்தில்தான் வைத்தார்கள். நேற்று உயிரோடு பார்த்த முகங்கள்! அவர் என்ன செய்தார்? நல்ல மடத்தை விட்டார். நல்ல நூலகத்தை விட்டார். நல்ல அங்கியைக் கழற்றினார். ஊருக்கு வெளியே ஒலிவ மரத் தோப்பில், பிச்சை எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரான்சிஸ்கன் துறவிகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அவர்களுடைய சிறிய கோவில் எகிப்து நாட்டு வனத்துறவி அந்தோனியார் பெயரில் இருந்தது. அந்தப் பெயரையே தமக்கு வைத்துக்கொண்டார். பெர்னாண்டோ அந்தோனி ஆனார். பழைய மடத்தில் ஒருவர் வருத்தமும் கோபமுமாக, போ, போய்ப் புனிதனாகிவிடு என்று குத்திக்காட்டினாராம். அப்படி ஆனேன் என்று கேள்விப்பட்டால் நீர் ஆண்டவரைப் புகழ்வீர் என்று சொல்லிவிட்டு நடந்தார் இவர்.

மொரோக்கோவுக்குப் போனார். அந்த ஐவரைப் போல உயிரைக் கொடுக்கப் போனார். கொடுக்க முடிந்ததா? இல்லை. கரையேறியதும் நோய் விழுத்தாட்டியது. குளிர்காலம் முழுதும் படுக்கை. ஒரு மறையுரை கூட ஆற்ற முடியாமல் ஊருக்குத் திரும்பக் கப்பல் ஏறினார். கப்பலாவது ஊருக்குப் போனதா? அதுவும் இல்லை. புயல் அதைச் சிசிலித் தீவில் கொண்டுபோய்த் தள்ளியது. நம் கடற்கரை ஊர்களில் இருந்து வந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். போக நினைத்த கரை ஒன்று, போய்ச் சேர்ந்த கரை ஒன்று என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1221ஆம் ஆண்டு தூய ஆவி ஞாயிறு வாக்கில் அசிசியில் பிரான்சிஸ்கன் துறவிகளின் பெருங்கூட்டம் நடந்தது. மூவாயிரம் பேர் கூடினார்கள் என்று அங்கிருந்த ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். கூட்டம் முடிந்தது. ஒவ்வொரு மாநிலத் தலைவரும் தமக்கு வேண்டியவர்களைப் பேர் சொல்லி அழைத்துப் போனார்கள். இவரை யாரும் அழைக்கவில்லை. யார் இவர்? அந்நிய நாட்டான். நோயாளி. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். கடைசியில் கிராசியானோ என்ற தலைவரிடம் இவரே போய், என்னைக் கூட்டிப் போங்கள் என்று கேட்டார். பூசை வைக்க ஒரு குரு வேண்டியிருந்தது, கூட்டிப் போனார். போர்லி நகரத்துக்கு அருகே மோந்தெபாவோலோ என்ற மலைமேல் சின்ன ஆசிரமம். அங்கே பூசை வைத்தார், தரையைக் கூட்டினார், பாத்திரம் கழுவினார். விவிலியம் முழுதையும் நெஞ்சில் சுமந்தவர் அங்கே பேசாமல் இருந்தார். அவர் படித்தவர் என்பதே பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பேசாத காலத்தை நாம் தாண்டிப் போய்விடுகிறோம். மேடை ஏறத் துடிக்கிறவர்கள் நிறைந்த காலத்தில் நின்று இதைச் சொல்கிறேன். எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். அந்தோனியாரின் பேச்சுக்கு இருந்த வலிமை அந்த மலைமேல் சேர்ந்தது என்று நான் முழுமனத்தோடு நம்புகிறேன்.

1222ஆம் ஆண்டு. போர்லி நகரத்தில் சிலருக்குக் குருப்பட்டம். பிரான்சிஸ்கன் துறவிகளும் வந்திருக்கிறார்கள், போதகர் சபையாகிய தொமினிக்கன் துறவிகளும் வந்திருக்கிறார்கள். யாராவது நாலு நல்ல வார்த்தை பேச வேண்டும். தொமினிக்கன் சபையாரைக் கேட்டார்கள். பேசுவதற்கென்றே ஏற்பட்ட சபை அது! ஆனால் முன்தயாரிப்பு இல்லாமல் பேசமாட்டோம் என்று ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டார்கள். தலைவர் திரும்பிப் பார்த்தார். ஓரத்தில் அந்தோனி உட்கார்ந்திருந்தார். நீர் பேசும், ஆவியானவர் தருவதைப் பேசும் என்றார். கூட இருந்தவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமா? இவருக்குச் சட்டி பானை கழுவத் தெரியும், மறைநூலை விளக்கவா தெரியும் என்று நினைத்தார்களாம். அவருடைய முதல் வரலாற்றை எழுதியவரே இதைச் சொல்கிறார்.

எழுந்தார். மறுத்துப் பார்த்தார், கீழ்ப்படிந்தார். முதலில் எளிய சொற்கள். பிறகு மெல்ல மெல்லக் கோயம்பிராவின் எட்டு ஆண்டும் மலைமேல் இருந்த மௌனமும் வாய்திறந்தன. கேட்டவர்கள் அசந்துபோனார்கள். பாத்திரம் கழுவிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அன்றுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டுதான் அவருக்கு வாய்த்தது. நடந்தார், பேசினார், நடந்தார், பேசினார். வட இத்தாலி, தென் பிரான்சு, மறுபடி இத்தாலி. கல்வி என்றாலே கொஞ்சம் தயங்கிய அசிசி பிரான்சிஸ், இவரை மரியாதையோடு ஆயர் என்று விளித்துக் கடிதம் எழுதினார். செபத்தின் ஆவி அணையாத வரை சகோதரர்களுக்கு இறையியல் கற்பிக்கலாம் என்று அனுமதி தந்தார். போலோஞாவில் கற்பித்தார். ரிமினி நகரத்தில் மனிதர்கள் காது கொடுக்க மறுத்தபோது ஆற்றங்கரைக்குப் போய் மீன்களுக்குப் பேசினார், மீன்கள் தலைநீட்டிக் கேட்டன என்பது நம் கோவில் சுவர்களில் எல்லாம் தீட்டியிருக்கும் கதை. திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியின் முன் பேசியபோது, மறைநூலின் பேழை என்று அவர் வியந்தார். இவற்றையெல்லாம் நான் வேகமாகக் கடந்து போகிறேன். ஏனென்றால் பதுவா காத்திருக்கிறது.

பதுவா எப்படிப்பட்ட ஊர்? வணிகம் கொழித்த ஊர். 1222இல் பல்கலைக்கழகம் பிறந்த ஊர். படித்தவர் நிறைந்த ஊர், பணம் புரண்ட ஊர். பணம் புரண்ட இடத்தில் வட்டி இருக்கும். பதுவாவின் வட்டித் தொழில் எவ்வளவு பேர்போனது தெரியுமா? பெருங்கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நரகத்தைக் காட்டும்போது, வட்டிக்காரர்கள் வேகும் இடத்தில் பதுவா நகரத்து ஸ்க்ரொவேஞி குடும்பத்தவர் ஒருவரை உட்காரவைத்தார். அந்தக் குடும்பத்து மகன் கட்டிய சிற்றாலயத்தில்தான் ஓவியர் ஜோத்தோ 1305ஆம் ஆண்டு வாக்கில் தீட்டிய சுவரோவியங்களைப் பார்க்க இன்று உலகமே போகிறது. தந்தையின் வட்டிப் பாவத்துக்குப் பரிகாரம் என்று ஊர் சொல்லும். இது அந்தோனியார் இறந்து எழுபது ஆண்டுக்குப் பிந்திய கதை. அவர் நாளில் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கடன் வாங்கியவன் திருப்பிக் கொடுக்க முடியாவிட்டால் சிறை. அவனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டு ஜாமீன் நின்றவனுக்கும் சிறை. நிலத்தைக் கொடுத்துவிடுகிறேன், வீட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று கதறினாலும், பாக்கி நிற்கிறதே என்று ஆளைப் பிடித்து அடைத்துவிடலாம். உள்ளே இருப்பவன் உழைக்க முடியாது. உழைக்காதவன் கடனை எப்படி அடைப்பான்? கடன் அடையாமல் வெளியே வர முடியாது. வெளியே வராமல் கடன் அடையாது. இந்தச் செக்குக்குள் நசுங்கியது யார்? உழவன், கைத்தொழிலாளி, அவன் பெண்டாட்டி, அவன் பிள்ளை.

1231ஆம் ஆண்டுத் தவக்காலம் வந்தது. அந்தோனியாருக்கு அப்போது முப்பத்தைந்து வயதுதான். ஆனால் உடல் நீர்க்கோவை நோயால் பெருத்து, நடக்கவே மூச்சு வாங்கியது. அந்த உடலோடு பதுவாவில் நாள்தோறும் பேசினார். தவக்காலம் முழுதும், ஒரு நாள் விடாமல் பேசினார். பகலில் மறையுரை, பிறகு பொழுது சாயும் வரை ஒப்புரவு கேட்பது. பல நாள் சூரியன் விழுந்த பிறகுதான் ஒரு வாய் உணவு. கோவில்கள் கொள்ளவில்லை; ஊருக்கு வெளியே திறந்த வெளிக்கு மாறினார்கள். முப்பதாயிரம் பேர் வரை கூடினார்கள் என்று முதல் வரலாற்று நூல் சொல்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலம் ஐயா! இருட்டிலேயே விளக்கைப் பிடித்துக்கொண்டு இடம்பிடிக்க வந்தார்கள். வணிகர்கள் கடையைச் சாத்திவிட்டு வந்தார்கள். அவருடைய அங்கியில் ஒரு துணுக்காவது வெட்டி எடுத்துக்கொள்ளக் கத்தரிக்கோலோடு சிலர் நெருங்க, இளைஞர்கள் சுற்றி நின்று காவல் காத்தார்கள்.

அந்த நூலை எழுதிய துறவி, அந்தத் தவக்காலத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறார். கவனமாகக் கேளுங்கள். பகையாளிகள் சமாதானம் ஆனார்கள். சிறையில் கிடந்தவர்கள் விடுபட்டார்கள். வட்டியாகப் பிடுங்கியது திருப்பித் தரப்பட்டது. அடகுபோன வீடும் நிலமும் மீண்டன. கோடி அற்புதரின் முதல் வரலாற்றில், அவர் உயிரோடு இருந்த காலத்து அற்புதங்கள் மிகக் குறைவாகவே இருக்கின்றன. இறந்த பின் நடந்தவையே வரிசையாக வருகின்றன. உயிரோடு இருந்தபோது நடந்ததாக அந்த நூல் பெரிதாகச் சொல்வது இதைத்தான்: பிடுங்கியதைத் திருப்பிக் கொடுக்கவைத்தார்.

இப்போது மார்ச் 15க்கு வருகிறேன். அன்று பதுவா நகரத்தார் சட்டம் இயற்றினார்கள். கடனாளியோ அவனுக்கு ஜாமீன் நின்றவனோ தன் சொத்தைக் கொடுக்க முன்வந்துவிட்டால், இனி அவன் உடலைச் சிறைப்படுத்தக் கூடாது. பழைய கடனுக்கும் இது பொருந்தும், இனி வரும் கடனுக்கும் பொருந்தும். யார் வேண்டுகோளால் இந்தச் சட்டம்? பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர் அந்தோனியின் வேண்டுகோளால் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பதுவா நகரச் சட்டத் தொகுப்பில் இன்றும் அதைப் படிக்கலாம்.

சொத்து போகட்டும், மனிதனை விடு. இவ்வளவுதான் அந்தச் சட்டம். ஆனால் எண்ணூறு ஆண்டுக்கு முன்னால் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அவர் பதவியில் இருந்தவர் இல்லை. வகித்த மாநிலத் தலைவர் பொறுப்பும் முந்திய ஆண்டே முடிந்துபோயிருந்தது. படை இல்லை, பணம் இல்லை. இருந்தது நாக்கு ஒன்று. வட்டிக்காரர்களே முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட கூட்டத்தில் அந்த நாக்கு குழறவில்லை. அவர் எழுதிவைத்த மறையுரைகளைப் படித்தால், ஏழைகளையும் அநாதைகளையும் கைம்பெண்களையும் பல்லால் கடித்துத் தின்னும் விலங்குகளாக வட்டிக்காரர்களைக் காட்டுகிறார். ஆடம்பரத்தில் மூழ்கிய குருக்களையும் ஆயர்களையும் அதே கடுமையோடு கண்டிக்கிறார். தம் வீட்டாரை விட்டுவிட்டு ஊராரை மட்டும் திட்டியவர் இல்லை அவர்.

பதுவாவில் அவர் பேராலயத்தின் பீடத்துக்காகச் சிற்பி தொனத்தெல்லோ 1446க்கும் 1450க்கும் இடையில் வார்த்த வெண்கலப் பலகைகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு கஞ்சனின் பிணம். நெஞ்சைப் பிளந்து பார்க்கிறார்கள். உள்ளே இதயம் இல்லை. பணப்பெட்டியைத் திறக்கிறார்கள், இதயம் அங்கே கிடக்கிறது. மக்கள் சொல்லிச் சொல்லி வளர்த்த கதை இது. கதையாகவே இருக்கட்டும். ஒரு ஊர் தன் புனிதரைப் பற்றி என்ன கதை கட்டுகிறது என்பதில் அவர் யார் என்பது தெரியாதா? வட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர், தன் புனிதர் கோவிலின் நடுப்பீடத்தில் இந்தக் கதையை வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறது.

எல்லா இடத்திலும் அவர் பேச்சு வென்றதா? இல்லை, வெல்லவில்லை. அதே 1231இல் எசெலினோ என்ற கொடுங்கோலனிடம் வெரோனா நகரத்துக்குப் போய், சிறையில் இருந்த பிரபு ஒருவரையும் அவர் கூட்டத்தாரையும் விட்டுவிடச் சொல்லி மன்றாடினார். நோயாளி உடம்போடு அவ்வளவு தூரம் போனார். அவன் மசியவில்லை. வெறுங்கையோடு திரும்பினார். இந்தத் தோல்வியை எந்தக் கோவில் சுவரிலும் நான் பார்த்ததில்லை. எனக்கு இது மீன்கள் கேட்ட கதையை விடப் பெரிது. பலிக்காது என்று தெரிந்தும், அடைபட்டவனுக்காகப் போய்க் கேட்டாரே!

திரும்பியவர் பதுவாவுக்கு அருகே கம்போசம்பியேரோ என்ற ஊரில் ஓய்வெடுத்தார். பெரிய வால்நட் மரம் ஒன்றின் கிளைகளுக்கு நடுவே அவருக்குப் பரண் போல ஒரு குடில் கட்டிக் கொடுத்தார்கள். ஜூன் 13, வெள்ளிக்கிழமை. உணவுக்கு உட்கார்ந்த இடத்தில் மயங்கினார். பதுவாவில் சாக வேண்டும் என்றார். மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். ஊரை எட்டுவதற்கு முன்பே, ஆர்ச்செல்லா என்ற இடத்தில் உயிர் பிரிந்தது. உடல் யாருக்கு என்று ஊர்ப்பகுதிகளுக்குள் சண்டை மூண்டது. ஆயுதம் ஏந்தி நின்றார்கள். ஒருவழியாக அடங்கி, 17ஆம் தேதி அடக்கம் நடந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. என் பாட்டியின் நாணயம் ஏன் செவ்வாய்க்கிழமை உண்டியலுக்குப் போனது என்று இப்போது தெரிகிறதா?

ஓராண்டு கூட முடியவில்லை. 1232 மே 30 அன்று திருத்தந்தை அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார். 1263இல், கட்டிக்கொண்டிருந்த புதிய பேராலயத்துக்கு எலும்புகளை மாற்றக் கல்லறையைத் திறந்தார்கள். சபைத் தலைவராக இருந்த புனித பொனவெந்தூர் அருகில் நின்றார். முப்பத்திரண்டு ஆண்டில் உடல் மண்ணாகியிருந்தது. நாக்கு மட்டும் ஈரமும் சிவப்புமாக அழியாமல் இருந்தது என்று அன்றே எழுதிவைத்தார்கள். பதுவாவில் பொன்முலாம் பூசிய பேழைக்குள் அந்த நாக்கை இன்றும் காணலாம்.

பெரியோர்களே, நாக்கு அழியவில்லை என்பதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அந்த நாக்குப் பேசியது அழியவில்லை என்பதற்கு நான் சாட்சி காட்டுகிறேன். நான்கு நூற்றாண்டு தாண்டி, கடல் தாண்டி வாருங்கள். 1654 ஜூன் 13. பிரேசில் நாட்டு மரஞாவோ. லிஸ்பனில் பிறந்த இன்னொரு அந்தோனி, இயேசு சபைத் துறவி அந்தோனியோ வியேரா, அந்தோனியார் திருநாள் மேடையில் ஏறுகிறார். எதிரே பழங்குடி மக்களைப் பிடித்து அடிமையாக்கி வாழும் குடியேறிகள். அவர்களைப் பார்த்து அவர் பேசவில்லை. அந்தோனியாரைப் போல மீன்களைப் பார்த்துப் பேசுகிறார். மீன்களே, நீங்கள் ஒருவரை ஒருவர் தின்கிறீர்கள்; அதிலும் பெரியது சிறியதைத் தின்கிறது என்று கண்டிக்கிறார். யாரைச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது. சில நாளில் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறி லிஸ்பன் போனார். அரசரிடம் பேசி, பழங்குடியினரைக் காக்கும் சட்டத்தோடு 1655இல் திரும்பினார். மறையுரையும் சட்டமும்! பதுவாவில் நடந்தது பிரேசிலில் நடந்தது. 1661இல் குடியேறிகள் அவரையும் அவர் தோழர்களையும் துரத்திவிட்டார்கள். அதுவும் நடந்தது.

அதே போர்த்துக்கீசியரின் கப்பல்கள்தான் தங்கள் ஊர்க்காரரான அந்தோனியாரை நம் கரைக்கும் கொண்டுவந்தன. பீரங்கியோடு வந்த கப்பல்களில் இந்தப் புனிதரும் வந்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. வந்தவரை நம் மக்கள் தம்மவராக்கிக்கொண்டார்கள். மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள், அசனம் கொடுத்தார்கள், கொடியேற்றித் தேர் இழுத்தார்கள். புயலில் திசைமாறிய கப்பலில் இருந்து இறங்கியவரைக் கடலோடி மக்கள் தேர்ந்துகொண்டதில் என்ன வியப்பு!

கச்சத்தீவை எண்ணிப் பாருங்கள். சுமார் 285 ஏக்கர், குடியிருப்பு இல்லாத தீவு. அங்கே அந்தோனியார் கோவில். தவக்காலத்தில் இராமேசுவரத்தில் இருந்தும் படகு போகும், நெடுந்தீவில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் படகு வரும். 1974 ஒப்பந்தம் எல்லைக்கோடு போட்டபோது கூட, திருப்பயணிகள் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் வந்துபோகலாம் என்று எழுத வேண்டியிருந்தது. போரால் நின்ற திருவிழா 2010இல் மீண்டும் தொடங்கியது. ஆண்டு முழுதும் வலைக்காகவும் படகுக்காகவும் சிறைக்காகவும் இரு கரையிலும் கண்ணீர்; அந்த இரண்டு நாள் ஒரே தமிழில் செபமாலை.

கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலை எண்ணிப் பாருங்கள். தமிழரும் சிங்களவரும், எல்லா மதத்தவரும் செவ்வாய்க்கிழமை வந்து நிற்கும் கோவில். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில் அங்கே குண்டு வெடித்தது. பூசைக்கு வந்தவர்கள் பலியானார்கள். அந்த இரத்தத்தை நினைக்கும்போது எனக்கு இன்னும் குரல் கம்முகிறது. ஜூன் 13 திருநாளுக்கு முன்பாகவே கோவிலைச் சீராக்கித் திறந்தார்கள். வந்தவர்கள் மறுபடி எல்லா மதத்தவரும்தான்.

நான் முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். ஒரு கேள்வி கேட்கிறேன். அந்தோனியார் திருத்தலங்களில் கூடும் நம் மக்களின் விண்ணப்பச் சீட்டுகளில் அதிகமாக இருப்பது என்ன? நோய், கலியாணம், கடன். கடன்! கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல், வாரத் தவணைக் குழுக்கடன். தமிழ்நாட்டில் 2003இலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் வாசலில் வந்து நின்று மானத்தை வாங்குகிறவர்களுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடும் குடும்பங்கள் உங்கள் தெருவில் இல்லையா? அவர்கள் சீட்டு எழுதிப் போடுவது யாரிடம் என்று அவர்களுக்கே தெரியாது. கடனாளிக்காகச் சட்டம் வாங்கிக் கொடுத்தவரிடம்தான் எழுதிப் போடுகிறார்கள் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

1890இல் பிரான்சின் தூலோன் நகரத்தில் தொடங்கி, அந்தோனியார் ரொட்டி என்ற பெயரில் ஏழைகளுக்கு உணவு கொடுக்கும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. நாமும் கொடுக்கிறோம். நல்லது. இன்னும் ஒரு படி போவோம். திருத்தல நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறேன். 1231 மார்ச் 15ஆம் நாள் சட்டத்தைத் தமிழில் எழுதி, சொரூபத்துக்குப் பக்கத்தில், மெழுகுதிரி ஏற்றுகிறவர் கண்ணில் படும்படி ஒரு பலகையாக வையுங்கள். செவ்வாய்க்கிழமைகளில் கோவில் வளாகத்திலேயே ஒரு மேசை போடுங்கள். கடனில் சிக்கியவர் அங்கே வந்து வெட்கப்படாமல் பேசட்டும். இலவசச் சட்ட உதவிக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அங்கே கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு இளைஞர் அந்த மேசையில் இருக்கட்டும். உண்டியல் காசில் ஒரு பங்கு அவர்களில் ஒரு குடும்பத்துக்காவது போகட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமையே தொடங்குங்கள். நானும் வந்து அந்த மேசையில் உட்காருகிறேன்.